தொடக்ககால ஒலிம்பிக் துடுப்பு வீரரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவது எப்படி?

தருமபுரியில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு வாசகர் வட்டத்துக்கு, ஒலிம்பிக் ஆண்டு வந்துவிட்டால் விளையாட்டு வீரர்களைப் பற்றிய கட்டுரைகள் குவிந்துவிடும். அவற்றுள் பெரும்பாலானவை பிறந்த தேதியில் தொடங்கி, பதக்கங்களை வரிசையாக அடுக்கி, இறந்த தேதியில் முடிந்துவிடும். ஓட்டப்பந்தய வீரரையோ ஹாக்கி வீரரையோ இப்படி எழுதினால்கூட வாசகர் தம் அனுபவத்தைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பிக்கொள்வார். துடுப்புப் படகுப் போட்டியில் அது நடக்காது. சென்னையில் 1867இலேயே படகுச் சங்கம் தொடங்கிவிட்டது என்றாலும், அடையாற்றின் கரையைத் தாண்டி அந்த விளையாட்டு நம் பக்கம் வரவில்லை. இந்தியாவே ஒலிம்பிக் துடுப்புப் போட்டியில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். ஆகவே நூறாண்டுக்கு முந்தைய துடுப்பு வீரர் ஒருவரின் வாழ்க்கையை நம் ஊர் வாசகருக்கு எழுதுபவர், ஆளை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே படகையும் நீரையும் அக்காலத்துப் பந்தய விதிகளையும் அறிமுகப்படுத்தியாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை, நானே எழுதிப் பார்த்து, திருத்தி, மீண்டும் எழுதிய ஒரு வாழ்க்கையை முன்வைத்து இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டி திட்டமிடப்பட்டும், கடலும் காற்றும் ஒத்துழைக்காததால் கைவிடப்பட்டது. ஆகவே கணக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து தொடங்குகிறது. தனியாள் படகில் அந்த ஆண்டு வென்றவர் பிரான்சின் எர்மான் பாரெலெ. 1904இல் அமெரிக்காவின் ஃபிராங்க் கிரீர். 1908இல் லண்டனைச் சேர்ந்த ஹாரி பிளாக்ஸ்டாஃப். 1912இல் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கின்னியர். முதல் உலகப் போருக்குப் பிறகு 1920இல் அமெரிக்காவின் ஜான் கெல்லி. 1924இல் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்ஃபோர்டு. 1928இலும் 1932இலும் ஆஸ்திரேலியாவின் பாபி பியர்ஸ். இவர்களுள் யாரை எடுத்தாலும் கட்டுரை எழுதலாம். பிளாக்ஸ்டாஃப் இறைச்சி வியாபாரத்தில் இருந்தவர். நாற்பதாவது பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள் இறுதிப் பந்தயத்தில் தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவரான மெக்கலக்கை வென்றார் என்ற ஒரு செய்தியே கட்டுரையைத் தாங்கிவிடும். நான் எடுத்துக்கொண்டது ஜான் கெல்லியை. காரணம் வெளிப்படையானது: அவர் கொத்தனார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் பேருந்து ஏறாத குடும்பங்கள் குறைவு. கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் என்னவென்று நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் முதல் வரைவில் கெல்லியைச் ‘செங்கல் அடுக்கும் தொழிலாளி’ என்று எழுதியிருந்தேன். அகராதியைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும். செங்கல் அடுக்குபவர் சூளையில் இருப்பார்; சுவர் எழுப்புபவர் கொத்தனார். அந்த ஒரு சொல்லை மாற்றியதும், படித்தவர்கள் அவரைத் தங்கள் தெருவில் பார்த்த ஒருவராக நினைக்கத் தொடங்கினார்கள். ஆளின் தொழிலுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர் எதுவோ அதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து படகு. இதற்கு ஒகேனக்கல் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. பரிசல் என்பது மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டக் கூடை. முற்காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. பரிசல் ஓட்டி, தாம் போக வேண்டிய திசையைப் பார்த்தபடி, ஒரே துடுப்பால் முன்னாலிருக்கும் நீரைத் தம்மை நோக்கி இழுத்துக்கொண்டே போகிறார். பந்தயப் படகு எல்லா வகையிலும் இதற்கு நேர்மாறு. தனியாள் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளம். அகலமோ ஆள் உட்காரும் அளவுக்குச் சற்றே கூடுதல். துடுப்புகளைத் தாங்கும் இரும்புக் கைகள் படகின் இருபுறமும் வெளியே நீண்டிருக்கும். இருக்கை தண்டவாளம் போன்ற இரு பட்டைகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். ஆகவே துடுப்பை வலிப்பதில் கைகளைவிடக் கால்களின் பங்கே பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீரர் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

ஒகேனக்கலின் கோத்திக்கல் பக்கம் பரிசலுக்காகக் காத்திருந்த ஒரு நாளில், கெல்லியின் பழைய புகைப்படம் ஒன்றைக் கைப்பேசியில் ஒரு பரிசல் ஓட்டியிடம் காட்டினேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர்; படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “என்னாங்க சார், போற பக்கம் பாக்காம வந்த பக்கம் பாத்துக் குந்தியிருக்காரு?” என்று கேட்டார். “முன்னாடி போறவங்களுக்குத்தான் பின்னாடி வர்றவங்க தெரிவாங்கண்ணா” என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பின்னாடி இருக்கறவனுக்கு யாருமே தெரிய மாட்டாங்களா?” என்றார். துடுப்புப் பந்தயத்தின் உளவியலை இதைவிடச் சுருக்கமாக விளக்கியவரை நான் கண்டதில்லை. முந்துபவர் எதிராளியின் ஒவ்வொரு அசைவையும் பார்த்தபடி போகிறார். பிந்துபவர் தமக்கு முன்னால் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைத் தலையைத் திருப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அமைப்பைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பிறகு எந்தப் பந்தயத்தை விவரித்தாலும் வாசகர் தாமே படகில் உட்கார்ந்துகொள்வார்.

கலைச்சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழுந்தேன். துடுப்புப் போட்டியில் இரண்டு அடிப்படை முறைகள் உண்டு. ஒருவர் ஒரே துடுப்பை இரு கைகளாலும் பற்றி வலிப்பது ஒன்று. கைக்கொரு துடுப்பாக இரண்டை வலிப்பது மற்றொன்று. தனியாள் படகில் இரண்டாவது முறைதான். ஆகவே கெல்லி தனியாள் போட்டியில் கலந்துகொண்டபோதும் அவரிடம் இரண்டு துடுப்புகள் இருந்தன. இருவர் போட்டியில் அவருக்கு இரண்டு, கூட்டாளிக்கு இரண்டு என மொத்தம் நான்கு. எங்கள் வட்டத்தின் ஆண்டு மலரில் நான் ‘இரட்டைத் துடுப்பு’, ‘இரட்டையர்’ என்ற சொற்களைக் கலந்துகட்டி, 1920இல் கெல்லி இரட்டையர் பிரிவில் இரண்டு தங்கம் வென்றதாக எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஒரே பிரிவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டபோது பதில் சொல்ல வாயெழவில்லை. அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது: ‘தனியாள் போட்டி’, ‘இருவர் போட்டி’, ‘எண்மர் போட்டி’ என்று ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டுமே பெயரிடுவது, துடுப்புகளின் எண்ணிக்கையைத் தேவைப்படும் இடத்தில் தனி வாக்கியத்தில் சொல்வது. படகின் திசையைக் கட்டுப்படுத்தும் ஆளைச் ‘சுக்கான் பிடிப்பவர்’ என்றால் போதும். அதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. துடுப்பைப் பொறுத்தவரை ‘போடுதல்’, ‘செலுத்துதல்’ என்பவற்றைவிட ‘வலித்தல்’ என்ற பழைய வினையே உடலின் உழைப்பைச் சரியாகக் காட்டுகிறது.

இனி இந்தக் கட்டுரையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். தொடக்ககாலத் துடுப்பு வீரர் ஒருவரை எழுதும்போது, அவர் எவ்வளவு வேகமாகப் படகு வலித்தார் என்பதற்கு முன்பு, அவரைப் படகில் உட்கார யார் அனுமதித்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடுங்கள். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் கரையிலுள்ள ஹென்லியில் 1839 முதல் படகுப் பந்தய விழா நடந்துவருகிறது; அதில் தனியாள் போட்டிக்கான ‘டயமண்ட் ஸ்கல்ஸ்’ பரிசு 1844இல் தொடங்கியது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு இன்றுள்ள மதிப்பு வருவதற்கு முன், துடுப்பு வீரர் ஒருவரின் பெருமையை உலகம் அளந்தது பெரும்பாலும் அங்கேதான். அந்த விழாவின் நிர்வாகிகள் 1879இல் ‘அமெச்சூர்’, அதாவது அங்கே போட்டியிடத் தகுதியுள்ள, பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாத வீரர், யார் என்று ஒரு வரையறை வகுத்தார்கள். பணத்துக்காகப் பந்தயத்தில் இறங்கியவர் அமெச்சூர் ஆகமாட்டார் என்பது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் வரையறை அதோடு நிற்கவில்லை. கூலிக்காகப் படகுகளில் அல்லது படகு சார்ந்த வேலையில் இருந்தவர் ஆகமாட்டார். கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளர், கைவினைஞர், உடலுழைப்பாளர் எவரும் ஆகமாட்டார் என்றும் அது சொன்னது. பரிசே வாங்காதவராயினும், கையால் உழைத்துச் சம்பாதித்தார் என்பதே அவரை விலக்கி வைக்கப் போதுமானதாக இருந்தது.

இதை வாசகருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் எழுதியது இதுதான்: ஒகேனக்கலில் பரிசல் ஓட்டும் எவரும், எவ்வளவு திறமை இருந்தாலும், அந்த விதியின்படி ஹென்லியில் போட்டியிட முடியாது; ஏனெனில் அவர் படகில் கூலிக்கு வேலை செய்கிறார். பரிசல்துறையில் டிக்கெட் கொடுப்பவருக்குக்கூட அனுமதி கிடைப்பது சந்தேகமே. கொத்தனாருக்கும் கிடையாது, தச்சருக்கும் கிடையாது. நீரோடு நாள்தோறும் புழங்குபவரையும் தோள்வலிமை மிக்கவரையும் முதலில் வெளியே நிறுத்திவிட்டு, எஞ்சியவர்களுள் சிறந்தவர் யார் என்று பார்ப்பதற்குப் பெயர் பந்தயம். எனக்கு இதில் கோபம் உண்டு. கட்டுரையில் அந்தக் கோபத்தைச் சற்றே காட்டினேன். ஆனால் விதியின் வாசகத்தை முழுதாகச் சொன்ன பிறகுதான் காட்டினேன். வாசகர் முதலில் விதியைப் பார்க்கட்டும். பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கெல்லியின் வாழ்க்கையில் இந்த விதி எங்கே வந்து மோதுகிறது என்பதைக் கட்டுரையின் நடுப்பகுதியாக அமைத்துக்கொள்ளுங்கள். அவர் 1889 அக்டோபர் 4 அன்று ஃபிலடெல்ஃபியாவில், அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். சிறுவயதில் கம்பள ஆலையில் வேலை. பிறகு அண்ணனின் கட்டட நிறுவனத்தில் கொத்தனார் வேலை. அந்நகரின் வழியாக ஓடும் ஸ்கூகில் ஆற்றின் கரையில் படகுச் சங்கங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுள் 1900இலும் 1904இலும் எண்மர் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற வெஸ்பர் சங்கத்தில் அவர் சேர்ந்தார். போரில் இராணுவச் சேவை செய்து திரும்பிய பின் 1920இல் ஹென்லியின் டயமண்ட் ஸ்கல்ஸ் போட்டிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

‘கொத்தனார் என்பதால் நிராகரித்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். கதையாகக் கேட்க அது நன்றாகவும் இருக்கும். கெல்லியும் அதைத்தான் வாழ்நாளெல்லாம் சொன்னார். ஆனால் ஹென்லி நிர்வாகிகளின் குறிப்பில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. 1905இல் ஹென்லிக்கு வந்த வெஸ்பர் அணியின் பயணச் செலவு பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் நடந்தது என்ற குற்றச்சாட்டின் பேரில், அச்சங்கத்திலிருந்து வரும் எந்த விண்ணப்பத்தையும் ஏற்பதில்லை என்று 1906இல் தீர்மானித்திருந்தார்கள், இது முதற்காரணம். உடலுழைப்பு விதியின் கீழும் கெல்லி தகுதியற்றவர் என்பது இரண்டாவதாகச் சேர்க்கப்பட்ட காரணம். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் கெல்லிக்கு நன்மை செய்வதாக நினைக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த நிர்வாகிகளின் மனப்போக்கு முழுதாகத் தெரிகிறது. சங்கத்தின் மீதான தடையே போதுமானதாக இருந்தபோதும், கைத்தொழிலையும் ஒரு குறையாக ஏட்டில் பதிந்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? என் பார்வையில் இது ஒற்றைக் காரணக் கதையைவிட வலுவானது.

அந்த ஆண்டு டயமண்ட் ஸ்கல்ஸை வென்றவர் ஜாக் பெரஸ்ஃபோர்டு. 1920 ஆகஸ்ட் இறுதியில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் துடுப்புப் போட்டிகள் பிரஸ்ஸல்ஸுக்கு அருகிலுள்ள கால்வாயில் நடந்தபோது, தனியாள் இறுதிப் பந்தயத்தில் கெல்லிக்கு எதிராக வந்தவரும் அவரேதான். இங்கே பெரஸ்ஃபோர்டை வில்லனாக்கிவிடாதீர்கள். அது பலர் செய்யும் பிழை. அப்போது அவருக்கு 21 வயது. போரில் காலில் காயம்பட்டவர். தந்தை ஜூலியஸ், போலந்து வழிவந்த மரச்சாமான் தொழில் குடும்பத்தினர்; 1912 ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டியில் வெள்ளி வென்றவர். ஜாக் பெரஸ்ஃபோர்டு பின்னர் 1936 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் பெற்றார்: மூன்று தங்கம், இரண்டு வெள்ளி. ஹென்லியின் விதியை அவர் வகுக்கவில்லை. எதிராளியின் தகுதியை முழுதாகச் சொன்னால்தான் உங்கள் நாயகனின் வெற்றிக்கு எடை கூடும்.

கெல்லியின் நேரம் 7 நிமிடம் 35 விநாடி. பெரஸ்ஃபோர்டின் நேரம் 7 நிமிடம் 36 விநாடி. பந்தயம் முடிந்தபோது இருவருக்கும் கைகுலுக்கிக்கொள்ளக்கூட வலுவில்லாமல் போனதாகச் சொல்வார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, தம் உறவினரான பால் காஸ்டெல்லோவுடன் கெல்லி மீண்டும் படகில் ஏறி, இருவர் போட்டியிலும் தங்கம் வென்றார். 1924இல் பாரிஸிலும் அதே இணை அதே போட்டியை வென்றது. காஸ்டெல்லோ 1928இல் வேறொரு கூட்டாளியுடன் மூன்றாவது முறையும் வென்றார் என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அவரைப் பலர் கெல்லியின் நிழலாகவே விட்டுவிடுகிறார்கள்.

கெல்லி தம் பச்சைத் தொப்பியை இங்கிலாந்து மன்னருக்கு ஒரு கேலிக் குறிப்புடன் அனுப்பிவைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. இதைப் போன்றவற்றை விட்டுவிடவும் மனம் வராது, உறுதியாக எழுதவும் கூடாது. ‘என்றொரு கதை உண்டு’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். அதற்கு மேல் அந்தக் கதையின் மீது எந்த வாதத்தையும் கட்டாதீர்கள். இதற்கு மாறாக, 1928 ஒலிம்பிக்கில் பாபி பியர்ஸ் பந்தயத்தின் நடுவே வாத்துக் கூட்டம் ஒன்றுக்கு வழிவிட்டு நின்றும் வென்ற நிகழ்ச்சி, அவரே பிற்காலத்தில் சொன்னது. அதை அவர் சொன்னதாகவே எழுதலாம். தச்சரான பியர்ஸுக்கும் ஹென்லி 1928இல் இடம் கொடுக்கவில்லை. பிறகு அவர் கனடாவில் விஸ்கி விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்ததும் 1931இல் அனுமதி கிடைத்தது. டயமண்ட் ஸ்கல்ஸையும் வென்றார். மரம் இழைத்தால் தகுதி இல்லை, சாராயம் விற்றால் உண்டு! கெல்லியை எழுதினாலும் இந்த ஒரு பத்தியைப் பியர்ஸுக்கு ஒதுக்குங்கள். விதி எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் வந்த ஆஸ்திரேலியக் காவலர்களின் எண்மர் அணியையும் அவர்கள் இப்படித்தான் விலக்கினார்கள். அதன்பின் எழுந்த சங்கடத்தில், 1937இல் உடலுழைப்பாளர்களை விலக்கும் வாசகம் நீக்கப்பட்டது.

நேரங்களை ஒப்பிடும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். 1900இல் பாரிஸின் சேன் ஆற்றில் பந்தயத் தொலைவு 1,750 மீட்டர். 1904இல் செயின்ட் லூயிஸில் ஏரியின் நடுவே படகைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. 1908இல் ஹென்லியில் ஒன்றரை மைல். 1912இலும் 1920இலும் 2,000 மீட்டர். ஓடும் ஆறு, தேங்கிய ஏரி, வெட்டிய கால்வாய் என்று நீரின் இயல்பும் மாறுகிறது. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி என்று நாளிதழில் பார்த்த பிறகே ஒகேனக்கலுக்குப் புறப்படும் நமக்கு, நீர் மாறினால் எல்லாம் மாறும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பிரஸ்ஸல்ஸ் கால்வாயைக் காட்ட நான் எடுத்த உவமை, காற்று ஓய்ந்த விடியற்காலையில் கிருஷ்ணகிரி அணையின் நீர்.

பெயர்களில் கவனம் தேவை. ஜான் கெல்லியின் மகன் பெயரும் ஜான் கெல்லிதான். மகன் 1947இலும் 1949இலும் டயமண்ட் ஸ்கல்ஸை வென்றார். 1956 ஒலிம்பிக்கில் தனியாள் போட்டியில் வெண்கலம் பெற்றார். ஃபிலடெல்ஃபியாவில் ஆற்றோரம் செல்லும் கெல்லி டிரைவ் என்ற சாலை மகனின் பெயரைத் தாங்கியது. அதன் அருகில் படகில் அமர்ந்திருக்கும் சிலையோ தந்தையுடையது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவற்றில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே ஆண்டை எழுதிவைத்து, அப்போது அந்த ஆளுக்கு என்ன வயது என்று கணக்கிட்டால் இந்தக் குழப்பம் உடனே வெளிப்பட்டுவிடும். 1947இல் தந்தைக்கு வயது 57. பந்தயம் வென்றவர் அவராக இருக்க முடியாது. ஊர்ப் பெயர்களில் எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்தால் ஏமாறுவீர்கள். மேலே நான் ‘ஸ்கூகில்’ என்று எழுதிய ஆற்றின் ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால், அப்படி ஒலிக்கும் என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

பெயரே இல்லாத ஆளையும் எழுத நேரலாம். 1900இல் பிராண்ட், கிளைன் என்ற நெதர்லாந்து வீரர்கள் இருவர், தங்கள் சுக்கான் பிடிப்பவரான பிராக்மன் ஏறத்தாழ 60 கிலோ எடை இருந்ததால் முதற்சுற்றில் பின்தங்கினார்கள். இறுதிப் பந்தயத்துக்கு அவரை இறக்கிவிட்டு, கரையிலிருந்த பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு, 0.2 விநாடி வித்தியாசத்தில் வென்றார்கள். வெற்றியாளர்களோடு அந்தச் சிறுவன் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. அவன் பெயரை உறுதிசெய்ய நெடுங்காலம் யாராலும் முடியவில்லை. இவனைப் பற்றி எங்கள் வட்டத்தின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள். அவனுக்கு ஒரு பெயரும் அம்மாவும் கொடுத்துக் கதையாக்க அவளுக்கு ஆசை. வேண்டாம், புகைப்படத்தில் தெரிவதை மட்டும் எழுது என்றேன். அரைக்கால் சட்டையில், இரண்டு ஆஜானுபாகுவான ஆட்களுக்கு நடுவே நிற்கும் ஒரு சிறுவனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அந்த ஆண்டு எங்களுக்கு வந்தவற்றுள் சிறந்த கட்டுரை அது.

எஞ்சிய வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடலாம். கெல்லி கட்டட ஒப்பந்தக்காரராகிப் பெருஞ்செல்வர் ஆனார். 1935இல் ஃபிலடெல்ஃபியா மேயர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றார். 1960 ஜூன் 20 அன்று இறந்தார். சகோதரர் ஜார்ஜ், புலிட்சர் பரிசு பெற்ற நாடக ஆசிரியர். மகள் கிரேஸ், திரைப்பட நடிகையாகி, 1956இல் மொனாக்கோ இளவரசரை மணந்தவர். அவரைக் கொண்டு கட்டுரையைத் தொடங்கினால் படிப்பவர் கூடுவார்கள் என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும், என்னிடமும் சொன்னார்கள். அப்படித் தொடங்கினால் முடிவு வரை அது கிரேஸ் கெல்லியின் அப்பாவைப் பற்றிய கட்டுரையாகவே இருக்கும். மகனின் 1947 வெற்றியையும் ‘பழிதீர்த்தல்’ என்ற தலைப்பிட்டுக் கடைசியில் வைக்க ஆசை வரும். விதி பத்தாண்டுக்கு முன்பே போய்விட்டிருந்தது என்பதை நினைவில் வைத்து, அந்த நிகழ்ச்சியைக் கால வரிசையில் அது வரும் இடத்திலேயே வையுங்கள்.

எழுதி முடித்த பிறகு, நீங்கள் எழுதும் தொழிலைச் செய்பவர் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மணல் குவியலின் மேல் உட்கார்ந்து கெல்லியின் கதையைக் கேட்டார். ஹென்லி விதியைக் கேட்டபோது அவர் எதுவும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். பிரஸ்ஸல்ஸ் பந்தயம் வந்ததும், “ஒரு செகண்டுனா எவ்ளோ தூரம் சார்?” என்று கேட்டார். நான் அதைக் கணக்கிட்டிருக்கவில்லை. அங்கேயே கைப்பேசியில் போட்டுப் பார்த்தோம்: 2,000 மீட்டரை 455 விநாடியில் கடந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், படகின் நீளத்தில் பாதியைவிடச் சற்றுக் கூட. மேஸ்திரி எழுந்து இடுப்பிலிருந்த டேப்பை உருவி, கட்டிக்கொண்டிருந்த சுவரின் ஓரமாக 14 அடி 5 அங்குலம் அளந்து, அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். சுவரின் முனைக்கும் செங்கல்லுக்கும் இடையே சித்தாள் பெண் ஒருத்தி பாண்டுச்சட்டியோடு நான்கைந்து எட்டு வைத்து நடந்து போனாள். அந்த அளவைக் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.